தூங்கவிடாத திட்டு

என் வீட்டு மகராணிக்கு,

நான் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரி நர்ஸம்மா எழுதுகிறாள். நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு, படகு ஓட்டும்போதே கண்ணசந்து கரையில் இடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வெளிச்சம் மங்கிய அறையில் தூங்காமல் உட்கார்ந்து காட்டினால்தான் மறுபடி படகு என்றார்கள் படகுத்துறைக்காரர்கள். மூளையில் எழுப்பிவிடும் இடம் ஒன்று, உறங்கவைக்கும் இடம் ஒன்று உண்டாம், இங்கே டாக்டர் சொன்னார். ஒன்று குரலை உயர்த்தினால் மற்றது அடங்கிவிடுமாம். நம் வீடு மாதிரிதான்.

தலையெல்லாம் ஒயரோடு உட்கார்ந்து, கல்யாண நாளிலிருந்து நீ திட்டியதை வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண் சொக்கவே இல்லை.

"எப்படிப் பெரியவரே சமாளிச்சீங்க?" என்றார் டாக்டர்.

"முதல் வருஷத் திட்டே இன்னும் முடியலைய்யா!"

நாளை முதல் படகு என் கையில். ஆனால் பழைய திட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? பேத்தியைக் கொஞ்சியது போதும், வந்து புதிதாகத் திட்டு.

இப்படிக்கு,
உன் தூங்குமூஞ்சி