இடது பக்கம் திரும்பினால் நின்றுவிடுகிற வண்டி

ஐப்பசி 5, புதன்

காலையிலிருந்து தூறல். கடைக்கு ஆறு புடவைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்க வேண்டும், முடிந்தது நாலுதான். வண்டி இன்றும் நின்றது. பிள்ளையார்பாளையம் திருப்பம், அதே இடம். மோட்டார் பொசுக்கென்று அடங்கிவிட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர், "இன்னாமா, நடு ரோட்டுல நின்னுக்கினு யோசன பண்றே?" என்றார். இறங்கித் தள்ளினேன். பத்தடி போனதும் தானாக உயிர் வந்தது. திமிர்.

முருகேசன் மஸ்கட் போவதற்கு முன் தன் கையால் செய்து கொடுத்த வண்டி இது. பழைய சைக்கிள், பின் சக்கரத்தில் மோட்டார், கேரியரில் பேட்டரி. புடவைப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாதாம். கல்யாணமாகி ஏழு மாதம் என்னோடு இருந்தார். போய் ஒன்றரை வருஷம். பேரை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். அவரைப் பெற்ற அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, கண்ணாடி உடைந்து ஒரு மாதமாகிறது.

2 மணிக்கு மு. ஃபோன். அங்கே அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

"வெளக்கு அணைஞ்சிடுதா, மோட்டார் மட்டும் நிக்குதா?"

"தெரியலங்க."

"மொதல்ல அதப் பாரு."

"சாப்டீங்களா?"

"ம். பேட்டரி எவ்ளோ காட்டுது?"

பேட்டரிக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை.

ஐப்பசி 6, வியாழன்

மழை இல்லை. துணி காய்ந்தது.

இதுவரை பார்த்தது:
பேட்டரி: மு. விட்டுப்போன மீட்டரை வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.
பேட்டரி முனை: உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. விரலும் தேய்ந்தது.
விளக்கு: அணையவில்லை. மோட்டார் மட்டும்தான் நிற்கிறது.
நேரே போனால் பிரச்னை இல்லை. இடது பக்கம் திரும்பினால் நிற்கிறது. வலது பக்கம், எப்போதாவது.

எல்லாம் சொன்னேன். "சூப்பர்மா, இப்டித்தான் பாக்கணும்" என்றார். அந்த 'சூப்பர்மா'வுக்கு மூஞ்சி சூடாகிவிட்டது. அத்தை பார்த்து, "இன்னாடி, காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கோளாறு எப்போதிலிருந்து என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து. "பூஜைக்கு வண்டியக் கழுவுனியா? தண்ணி போயிருக்கும்." இருக்கலாம். மூன்று குடம் ஊற்றித்தான் கழுவினேன்.

பெரிய விஷயத்தை இன்றும் பேசவில்லை. கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள். போடாவிட்டால் கார்த்திகையில் டிக்கெட். போன வாரம் பேசினோம். "நீ இன்னா சொல்றே?" "உங்க இஷ்டங்க." "எனக்கின்னா, உன் இஷ்டம்தான்." இப்படியே நாலு தடவை. என் இஷ்டம் கார்த்திகை. வாயைத் திறந்தால் அது மட்டும் வரமாட்டேன் என்கிறது.

ஐப்பசி 7, வெள்ளி

முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மூன்று முகூர்த்தப் புடவை பையில். திருப்பத்தில் மோட்டார் அடங்க, பின்னால் மணல் லாரி. அவன் ஹாரன் அடித்த அடியில் நான் வண்டியோடு ஓரத்துச் சேற்றில் சாய்ந்தேன். முழங்கை சிராய்ப்பு. பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேனாம், டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில், "லேட்டாவுதே கலா" என்றதோடு சரி.

மு.விடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். இன்று அவருக்கு லீவு, வீடியோவில் வந்தார். அத்தை குறுக்கே தலையை நீட்டி, "லாரிக்கி அடியில பூட்டிருப்பாடா உன் பொண்டாட்டி" என்றார். அடியிலாம். லாரி நாலடி தள்ளி நின்றது.

அவர் முகம் மாறிவிட்டது. திரைக்குக் கிட்டே வந்து என் முழங்கையைப் பார்த்தார்.

"நான் அங்க இருந்தா அஞ்சு நிமிஷ வேல அது. வந்துடவா கலா?"

வந்துடவா. கேட்டார். வாய்விட்டுக் கேட்டார். நான் சொன்னது என்ன? "ஒரு வண்டிக்குப் போயி யாராவது வருவாங்களா? நான் பாத்துக்கறங்க."

அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதுதான் காரணம் என்று எழுதலாம். அது மட்டும் இல்லை. ஆசையைச் சொல்லி ஒருத்தரைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. கேட்டு வாங்கினால் மதிப்பில்லை என்று ஒரு நினைப்பு. மண்டைக்கனம்.

ஐப்பசி 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!!

வெயில். வண்டியை வாசலில் போட்டு, காலையிலேயே உட்கார்ந்தேன். மு. சொல்லியிருந்தது: பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்க வேண்டுமென்று பிரேக்கிலிருந்து ரெண்டு மெல்லிய ஒயர் போகிறது. அந்த ரெண்டும் ஒன்றை ஒன்று தொட்டால், பிரேக் பிடித்ததாக வண்டி நினைத்துக்கொள்ளும். அந்த ஒயரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார், நிற்காவிட்டால் கோளாறு அங்கேதான்.

கழற்றினேன். தெருவுக்குள் இடது பக்கமாகவே எட்டு தடவை சுற்றினேன். நிற்கவில்லை. மாட்டினேன். முதல் சுற்றிலேயே நின்றது.

ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்து பார்த்தால், நான் கட்டிய குஞ்சம்.

புடவை முந்தானை ஓரத்து நூலை முடிந்து குஞ்சம் கட்டுவதுதானே என் பிழைப்பு. பூஜைக்கு வண்டியைத் துடைக்கும்போது, மு. ஒயர் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் வெயிலில் இளகி, பிசுக்கென்று தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பிய்த்துப் போட்டுவிட்டு, மீந்த பட்டு நூலும் ஜரிகையும் சேர்த்து அழகாகச் சுற்றி, கீழே அரக்கு நிறத்தில் ஒரு குஞ்சமும் விட்டேன். அவர் வண்டியாயிற்றே என்று ஜரிகையை மட்டும் நல்லதாகத் தேடி எடுத்தேன். மூடியில்லாத ரெண்டு ஒயருக்கும் சேர்த்து வெள்ளி ஜரிகை! திரும்பும்போது நூல் இறுகி ரெண்டையும் தொட்டிருக்கிறது. மீட்டரை ஜரிகையின் ரெண்டு முனையிலும் வைத்தேன். பீப் என்றது, ஜரிகையில் கரண்ட் பாய்கிறது. அசல்தான்.

அத்தை: "போலி ஜரிகயக் கட்டியிருந்தீன்னா ஒன்னும் ஆயிருக்காது." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனியாகப் புது டேப். மாட்டி, ஜைனக் கோயில் வரை போய் வந்தேன். வழியெல்லாம் இடது திருப்பம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மணி பதினொன்று. 2 வரை சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லாமலே விட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. தினம் கேட்பாரே. ஆனால் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மு. சிரித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார், "எங்க வீட்ல வண்டிக்கி ஜரிக போட்டுக் குஞ்சம் கட்டிக்கீறாங்கபா!" அப்புறம் மெதுவாக, "கெட்டிக்காரி நீ. இனிமே நான் இல்லன்னாலும் நீயே பாத்துப்பே."

"ஆமாங்க, பாத்துப்பேன்" என்றேன். பெருமையில்.

ஐப்பசி 10, திங்கள்

மேகமூட்டம். ஐந்து புடவை. வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது.

2 மணிக்கு ஃபோன் வரவில்லை. 2.20. 2.45. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை அதிகமாக இருக்கும். இல்லாவிட்டால், கேட்க ஒன்றும் இல்லையே இனி.

முடிச்சுப் போடும்போது திடீரென்று உறைத்தது. 'நான் இல்லன்னாலும்' என்றாரே. அதற்கு நான் ஆமாம் போட்டேனே.

என் மேலேயே ஆத்திரம். ஆத்திரத்தில் ஒரு புடவைக்கு ஐந்து குஞ்சம் கோணலாகி, அவிழ்த்துக் கட்டினேன்.

வாய்ஸ் மெசேஜ் பேசிப் பேசி அழித்தேன். முதலாவது, "நல்லா இருக்கீங்களா" என்று தொடங்கி மழையில் முடிந்தது. ரெண்டாவதில் அத்தையின் இருமல். மூன்றாவதில் அழுகை வந்துவிட்டது, அதை அனுப்பக் கூடாது. நாளைக்கு.

ஐப்பசி 11, செவ்வாய்

காலை 7, அத்தை பால் வாங்கப் போனதும் அனுப்பிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதி வைக்கிறேன், இன்னொரு தடவை தைரியம் வருமோ வராதோ:

"வண்டி ஓடுதுங்க. நல்லாவே ஓடுது. என்னாலதான் முடியல. கையெழுத்து போடாதீங்க. கார்த்திகையில வந்துடுங்க. எனக்கு நீங்க வேணும்."

அனுப்பிவிட்டு ஃபோனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்தேன். கோலம் போடாதது ஞாபகம் வந்து போட்டேன். ரெண்டு புள்ளி கூடுதல்.

9 மணி. கேட்கவில்லை.
11. கேட்கவில்லை.
12.40. கேட்டுவிட்டார். பதில் இல்லை.

சரியாக 2 மணிக்கு ஃபோன். கொல்லைப் பக்கம் போய் எடுத்தேன்.

"நேத்தே போட்டுட்டன் கலா."

துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி சரியாயிட்ச்சி, பாத்துப்பேன்னு சொன்னியா... சரி, இவ சமாளிச்சிக்குவா, நாம இருந்துட்டுப் போவலாம்னு போட்டுட்டன். பேப்பரு பெரிய ஆபீசுக்குப் போயிட்ச்சி. கேட்டுப் பாத்தன், தர மாட்டன்றாங்க."

"சரிங்க."

"வெள்ளிக்கெழம நான் கேட்டன் இல்ல? வந்துடவான்னு?"

"கேட்டீங்க."

"அப்பவே சொல்லிருக்கலாம் இல்லமா?" குரல் உடைந்துவிட்டது அவருக்கு. மு. அழுது நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் வண்டியைப் பற்றிக் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை, சொல்ல எனக்கும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ தட்டு கழுவுகிற சத்தம். ஃபோனை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவர்களுக்கு வேலை மணி அடிக்கும் வரை மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.