ஆடிக்கு முன் வாங்கிய எஸ்எஸ்டி

14 ஜூலை 2023, வெள்ளி

திங்களன்று ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுச் சரக்கு எடுப்பதில்லை, அது நம் வழக்கம். அதனால் திருப்பதியில் என் கம்ப்யூட்டர் கடைக்கு மாதம் முழுவதற்கும் சேர்த்து சென்னை ஏஜென்ட் மாசிலாமணியிடம் இன்றே எடுத்து அடுக்கிவிட்டேன். அத்தனையும் எஸ்எஸ்டி, கம்ப்யூட்டருக்குள் போட்டால் வேகம் கூட்டும் மெமரி. அழுகாது, கெடாது. என்ன பயம்?

19 ஜூலை

என்ன பயமா! மாசிலாமணி போனில் சிரிக்கிறார்: "சரக்கு கப்பல் கப்பலா வந்துக்கினே இருக்குதுண்ணே. வெல இன்னும் எறங்கும்."

மதனப்பள்ளித் தக்காளி தங்க விலை விற்கிறது. என் எஸ்எஸ்டி அழுகின தக்காளி விலைக்குப் போகும் போல.

தெலுங்குக்காரர்களுக்கு நேற்றிலிருந்து அதிக மாசம், நல்ல காரியம் ஆகாத கூடுதல் மாசம். அவர்களும் புதுசு வாங்கமாட்டார்கள். அப்புறம் திருப்பதியில் வாங்க யார் மிச்சம்?

24 ஜூலை

ஈ ஓட்டுகிறேன். ஆடி முடிவதற்குள் கடை லீஸைப் புதுப்பிக்க வேண்டும். பணமெல்லாம் அலமாரியில் தூங்குகிறது. தவறினால் பக்கத்து ஸ்வீட் ஸ்டால் முனிரத்தினம் நாயுடு எடுத்துக்கொள்வார். இன்றைக்கே டேப் வைத்து அளக்கிறார், மனுஷன்!

"ஏகாம்பரம் அண்ணா, காலி பண்றப்ப அலமாரிய மட்டும் உட்டுட்டுப் போ. மைசூர்பாக்கு அடுக்கலாம்."

25 ஜூலை

வீட்டில் ரூபாவிடம் புலம்பினேன். பழைய புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டாள்: "ஆடியில புதுசுதான எடுக்கமாட்டாங்க? பழச ரிப்பேர் பண்றத யாரு வாணாம்னாங்க? ஊர்ல பாதி கம்ப்யூட்டரு ஆம மாதிரி ஊர்ந்துக்கினு கெடக்குது. போய்ப் பாருய்யா!"

அடச்சே. வியாபாரி நானா, என் பெண்டாட்டியா?

26 ஜூலை

போர்டு வைத்தாச்சு, இரண்டு பாஷையிலும். "புதுசு வேண்டாம். பழைய கம்ப்யூட்டரே பறக்கும்!"

விலையை இன்றைய மார்க்கெட்டுக்கே இறக்கிவிட்டேன். வாங்கினதில் நஷ்டம்தான். மாட்டும் கூலியில் தேற்றிக்கொள்ளலாம்.

2 ஆகஸ்ட்

லாட்ஜ்கள்! மொட்டை போட்ட கூட்டம் ரிசப்ஷனில் கத்திக்கொண்டு நிற்க, கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதாம். ஒரு மேனேஜருக்கு மாற்றிக் கொடுத்தேன். அவரே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

5 ஆகஸ்ட்

சாப்பிட நேரமில்லை.

9 ஆகஸ்ட்

நாயுடு தன் பில்லிங் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது ஆன் ஆவறதுக்குள்ள ஜிலேபி ஆறிப் போவுதுண்ணா." மாட்டினேன். தள்ளுபடி? ஒரு ரூபாய்கூட இல்லை! கடைக்குக் கேமராவும் வேண்டுமாம்; அது புதுசு, ஆடி போகட்டும் என்றேன்.

16 ஆகஸ்ட்

அலமாரி காலி. விலை இன்னும் இறங்கியிருக்கிறதாம். இறங்கட்டுமே. ஒன்றில் கிடைத்தது கொஞ்சம்தான், ஆனால் போனது கூடை கூடையாக.

லீஸ் கையெழுத்தாகிவிட்டது. ஓனர் சாட்சி கேட்டார். பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? நாயுடுவே போட்டார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி, எங் கடைக்குக் கேமரா எப்ப மாட்டற? மைசூர்பாக்கு எண்ணிக்க கொறஞ்சிக்கினே வருது."