ஆன்ரோடு விலை

நவம்பர் 9, ஞாயிறு

கடலூரில் கார் ஷோரூமுக்குப் போய் வந்தோம். அரைநாள் போயிற்று. அங்கே அவர்கள் பேசியதெல்லாம் இவரிடம்தான்.

லோன் என் பேரில். தவணை என் சம்பளத்தில். மூன்று வருஷமாக லைசென்ஸை வைத்துக்கொண்டு ஏங்குவதும் நான்தான். ஆனால் சேல்ஸ்மேன் அருண்பிரசாத்துக்கு இவரை விட்டுப் பார்வை நகரவில்லை. "சாருக்கு எந்தக் கலர் புடிக்கும்?" "சார் மைன்ஸ்ல பர்மனென்ட்டா?" இவர் தலையாட்டினார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கச் சாவியை இவரிடம் நீட்டினார். இவருக்கு ஓட்டத் தெரியாது. "அவளே ஓட்டட்டும்" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

நவம்பர் 10

ஷோரூமில் கொடுத்த கொட்டேஷனை ஆபீசில் புவனாவிடம் காட்டினேன். போன வருஷம் வண்டி வாங்கியவள். பேனாவை எடுத்து மூன்று இடத்தில் கோடு போட்டாள்.

"ஹேண்ட்லிங் சார்ஜ்னு எதுக்குடி? ஷோரூமுக்கு வண்டியக் கொண்டு வர்றது அவன் வேலை. இன்சூரன்ஸ் வெளியில போட்டா இவ்வளவு ஆகாது. இந்த மேட், சீட் கவர் எல்லாம் நீ கேட்டியா?"

கேட்கவில்லை.

"அப்புறம் எதுக்கு உன் தலையில கட்டுறான்?"

நவம்பர் 12

விழுப்புரம் ஷோரூமுக்கு போன் செய்தேன். எடுத்தவுடன், "சார் இருக்காரா மேடம்?"

"சார் ஷிப்டுல இருக்காரு. நான் போதும்."

அதே வண்டி, முப்பத்தோராயிரம் குறைவு. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்த மாதிரி இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி கடலூர். இந்த முறை மேனேஜர் துரைராஜே இறங்கி வந்தார். விழுப்புரத்து விலையைக் காட்டினேன். போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப ஒண்ணு சொல்லுவாங்க மேடம், டெலிவரி அன்னிக்கு வேற சொல்லுவாங்க."

"அதான் எழுதி வாங்கியிருக்கேன்."

துரைராஜ் இவர் தோளில் கையைப் போட்டார். "தனகோட்டி சார், வாங்க, நாம கேபின்ல பேசிக்கலாம். அருண், மேடத்துக்கு ஒரு காபி சொல்லு."

கண்ணாடிக்குள் இரண்டு பேரும் சிரிப்பது தெரிந்தது. என் காபி ஆறி ஆடை கட்டியது. இவர் ரசீதோடு வெளியே வந்தார். புக் பண்ணியாயிற்று. பழைய விலைக்கே. அட்வான்ஸ் இவருடைய தீபாவளி போனஸ். வண்டிக்கு மேலே போர்த்த ஒரு உறை இலவசமாம்.

பஸ்ஸில் கேட்டேன்: "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அந்த ஆளு எவ்ளோ மரியாதையா பேசுனாரு தெரியுமா? அவருகிட்ட போயி ஆயிரம் ரெண்டாயிரம்னு கேட்டுகினு நிக்கச் சொல்றியா?"

"ஆயிரம் இல்லங்க, முப்பத்தோராயிரம்."

"மெதுவா பேசு. பஸ்ல பாக்குறாங்க."

 

நவம்பர் 17

பதினாலு வருஷமாக கான்ட்ராக்ட். இவரைவிடப் பத்து வயது சின்ன சூப்பர்வைசர் "டேய் கோட்டி" என்று கூப்பிட்டதை நானே காதால் கேட்டிருக்கிறேன். என் அப்பா வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார், அந்த வேலை எனக்கு வந்தது. குவார்ட்டர்ஸ் என் பேரில். அந்தக் கேபினுக்குள் எத்தனை 'சார்' போட்டிருப்பான் அந்தத் துரைராஜ் —

எனக்குப் புரியுது. புரியாமலா இருக்கு? ஆனா அந்த 'சாரு'க்கு நான் ஏன் பணம் கட்டணும்?

நவம்பர் 20

பேங்க்கிலிருந்து லோன் பேப்பர் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. இவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 22, சனி

தனியாகப் போனேன். இவரிடம் சொல்லவில்லை.

துரைராஜ் வாசலைத்தான் பார்த்தார். "சார் வரலையா?"

"வரல. விழுப்புரத்து விலைக்குக் குடுங்க. இல்லன்னா அட்வான்ஸத் திருப்பிக் குடுங்க."

"சார் ஓகே சொல்லிட்டாரே மேடம்."

"லோன்ல கையெழுத்துப் போடுறது நான்."

 அவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். சுற்றிலும் ஆட்கள். "தனகோட்டி சார், மேடம் இங்க வந்து தகராறு பண்றாங்க. நாம பேசின விலை வேணாமாம். என்ன செய்யலாம் சொல்லுங்க."

போனில், இவருக்குப் பின்னால் சுரங்கத்துக் கன்வேயர் ஓடும் சத்தம் கேட்டது. இவர் வேலையில் இருந்தார். இவருக்குப் பக்கத்தில் யார் யார் நின்றார்களோ.

"சார்?"

"அவங்க சொல்றபடி செய்ங்க. வண்டி அவங்களுது."

அவங்க. பதினாறு வருஷத்தில் என்னை இவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

விலை குறைந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ் போயிற்று, மேட் போயிற்று, இன்சூரன்ஸ் வெளியில். நான் கேட்டது எல்லாமே கிடைத்தது. துரைராஜ் எழுந்து நின்று கைகூப்பினார். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

அந்த ஆள் போனைப் போடாமலே குறைச்சிருக்கலாம். குறைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான், எல்லாருக்கும் கேக்கற மாதிரி போட்டான். எனக்கு நல்லாத் தெரியும்.

நவம்பர் 23

"நேத்து போன்ல —" என்று ஆரம்பித்தேன்.

"வேலை இருக்கு" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

டெலிவரி. புவனா துணைக்கு வந்தாள். ரிப்பன் கட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். "சாருக்கு ஷிப்டா மேடம்?" என்றார் அருண்பிரசாத். ஆமாம் என்றேன். இவர் வீட்டில்தான் இருந்தார்.

வண்டியை எங்கள் பிளாக்குக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது எதிர்வீட்டு நாகம்மாள் அக்கா ஓடிவந்து சுற்றிப் பார்த்தார். இவர் கதவருகே நின்று, "நல்லாக்குது" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 5

என்னை 'நீங்க' என்கிறார். "சாப்டீங்களா?" "வூட்டுச் சாவி எங்க வச்சீங்க?" முதலில் கேலி என்று நினைத்தேன். கேலியாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

டிசம்பர் 6

வண்டி நன்றாக ஓடுகிறது.

டிசம்பர் 18

காலையிலிருந்து மழை. ஆபீஸ் போகும் வழியில் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார், ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையுமாக. கூட ஷிப்ட் ஆட்கள் மூன்று பேர். நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். அவர்கள் பார்க்கும்போது வரமாட்டேன் என்று சொல்ல முடியாதில்லையா? வந்தார்.

பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"முன்னாடி வாங்க."

"இருக்கட்டும்."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கத்துக் கேட்டுக்குத் திரும்பும் இடம் வந்ததும் சொன்னார்: "இங்கயே நிறுத்துங்க. கேட்டு வரைக்கும் வேணாம்."

நிறுத்தினேன். புது வண்டிக் கதவு என்று மெதுவாகச் சாத்திவிட்டு, நனைந்துகொண்டே நடந்து போனார்.