பின்பக்கத்து நான்கு தூண்கள்

பாசத்துக்குரிய சிஸ்டர் பெர்னடெட்,

நீங்கள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. நீங்கள் இறந்து மண்ணுக்குப் போய் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன். இது அச்சில் வரும், பலரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

கொன்வென்ட் தையல் வகுப்பு நினைவிருக்கிறதா? நாங்கள் நீட்டும் துணியின் முன்பக்கத்தை நீங்கள் பார்ப்பதேயில்லை. திருப்பி உட்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள். வகுப்பிலேயே என் தையல்தான் திறம் என்ற கர்வத்தில் ஒருநாள் கேட்டேன்: “வெளியில வடிவாத்தானே இருக்கு சிஸ்டர், என்னத்துக்கு உள்ளுக்குப் பாக்குறீங்க?”

மற்றப் பிள்ளைகள் போன பிறகு சொன்னீர்கள். கன்னியாஸ்திரியாகும் முன், இரண்டாம் உலக யுத்த காலத்தில், உங்கள் ஊர்க் கப்பல் தளத்தில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தீர்களாம். கரை வெளிச்சத்தில் கப்பல்களின் உருவம் எதிரியின் நீர்மூழ்கிகளுக்குத் தெரிந்துவிடுமென்று கடற்கரை வீடுகளின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. உங்கள் தகப்பனார் தொலைநோக்கியோடு மணல்மேட்டில் காவல். தம்பி கடற்படையில். கப்பல்கள் சீக்கிரம் முடிந்தால் அவன் சீக்கிரம் வீடு வருவான் என்று நம்பினீர்கள்.

ஒரு கப்பலை நீரில் இறக்க நாள் குறித்தாயிற்று. இரண்டு தகடுகளுக்கு இடையே அகன்ற இடைவெளி. அதை உருக்கி நிரப்ப நேரமில்லை. வெல்டிங் கம்பிகளை முழுசாக அதற்குள் அடுக்கி, மேலே மெல்லியதாக ஒரு பூச்சு இழுத்தீர்கள். பரிசோதகர் கையால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். சில மாதங்களில், அந்தத் தளத்தில் கட்டிய கப்பல் ஒன்று குளிர்கடலில் இரண்டாகப் பிளந்ததாகக் கதை வந்தது. எந்தக் கப்பலென்று எவரும் சொல்லவில்லை. யுத்த இரகசியம். அது நீங்கள் பற்றவைத்த இடமா என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

பதினேழு வயதுக்காரி நான் என்ன சொன்னேன்? “நீங்க அண்டைக்கே சொல்லியிருக்கோணும், சிஸ்டர்.”

“ஓம் மகள், சொல்லியிருக்கோணும்” என்றீர்கள். அதன் பிறகு உங்களோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை நான்.

இப்போது என்னுடைய கதையைக் கேளுங்கள்.

எங்களூரில் பெண்பிள்ளைக்குக் கலியாணமென்றால் வீடு கொடுக்க வேண்டும். என் மகள் றிஸானாவுக்குக் கடலோரமாகச் சாய்ந்தமருதில் கட்டினோம். நிக்காஹ்வுக்கு நாள் குறித்து, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. இங்கத்தைய யுத்தத்தில் பாதை மூடியதில் சீமெந்து லொறி வரவில்லை. ஒரு மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், தூண்களுக்கு அடித்த பலகை அச்சுக்குள் மேசன் உடைந்த செங்கல்லும் மணலும் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

“பூசினாப் பொறகு ஒண்டும் விளங்காது டீச்சர். மாப்புள தூணையா பாக்கப் போறாரு?” என்று சிரித்தார்.

கடிதத்தில் ஒரு புள்ளி பிழைத்தாலும் கிழித்துப் போடுகிறவள் நான். அன்று, “பூச்சு நேரா வரோணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பூச்சு நேராகத்தான் வந்தது. எல்லோரும் மெச்சினார்கள்.

சுனாமி அன்று காலை றிஸானா பிள்ளையோடு கடலுக்குத் தள்ளியிருந்த மாமியார் வீட்டில் இருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். என் கணவர் மட்டும் றிஸானாவின் வீட்டு முன்னறையில். முன்பக்கத் தூண்கள் முறிந்து மேல்தட்டு அவர் மேல் விழுந்தது. நல்ல தூண் என்றால் நின்றிருக்குமா? நல்ல வீடுகளும்தான் விழுந்தன. யாரிடம் கேட்பேன்? கடல் கொண்டுபோனது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்கிறேன்.

பின்பக்கத்து நான்கு தூண்களும் விழவில்லை, சிஸ்டர். அதே மேசன், அதே கல், அதே மணல். அவற்றின் மேல்தான் இப்போது பேத்தியின் கலியாணத்துக்கு மாடி எழுப்பப் போகிறார்கள். கம்பி கட்டியாயிற்று. வருகிற திங்கள் கொங்கிறீட்.

“அந்தத் தூணுல பாரம் ஏத்த வேணாம் மகள்” என்றேன்.

“கடலே வந்து அசைக்காத தூண் உம்மா! சும்மா பயந்து கிடக்காதீங்க.”

மருமகன் சிரித்தார். “சுவர்க்கத்துல வீடு குடுத்தாலும் மாமி முதல்ல பிழதான் புடிப்பா.”

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

அல்லாஹ் மன்னிப்பவன் என்கிறார்கள். றிஸானா மன்னிப்பாளா? வாப்பாவின் உடலைச் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவியபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். இனி அந்தக் கையைத் தொடுவாளா? தொடமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். எண்பது வயதில் எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். சொன்னால் அவர் திரும்பி வரப் போவதுமில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும் முன், நாளை காலை, மேசன்மார் வரும்போது றிஸானாவைப் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போவேன். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் ஒளியமாட்டேன். வாயால் சொல்வேன். பிறகு ஒரு தூணின் பூச்சை உடைக்கச் சொல்லி, அவள் பக்கத்திலேயே நிற்பேன்.

நீங்கள் ‘மகள்’ என்று கூப்பிட்டும் திரும்பிப் பாராத உங்கள் பிள்ளை,
ஸித்தி ஸுலைஹா
சாய்ந்தமருது