சேனை வைக்காத பேத்தி

அன்பு மைனிக்கு,

முதல்ல நல்ல சேதி. உங்க மக வேணிக்குப் பொம்பளப் பிள்ள பிறந்திருக்கு. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ. ஒரு விசயத்தைச் சொல்ல வந்தா நான் ஊரைச் சுத்தித்தான் வருவேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பிய இல்லையா, அதான் முடிவை முன்னாலயே சொல்லிட்டேன். இனி பதறாமக் கேளுங்க.

மூக்கு உங்க மூக்கு. நிறம் மாப்பிள்ளை நிறம். அண்ணன் மூக்கு வராமத் தப்பிச்சதுக்கே தனியா ஒரு தேங்காய் உடைக்கணும். இதை அண்ணன் முன்னாலயே சொன்னேன், கோவிச்சுக்கிடல. நீங்க போனதுல இருந்து அவனுக்குக் கோவமே வர மாட்டேங்குது மைனி. எனக்கு அதுதான் பயமா இருக்கு.

உங்களுக்கு எழுதுற கடுதாசியை ஊரார் ஏன் வாசிக்கணும்னு கேப்பிய. வாசிக்கட்டும். நம்ம சால்ல, இந்த ஒரு வரிசை வீட்டுல மட்டும் இப்போ மூணு பிள்ளத்தாச்சிய இருக்காளுவ. வேணி மாதிரி அவளுவளுக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பரவால்ல, அவளுவ மாமியாமாருக்கு நல்லா வாசிக்க வரும். அவங்க வாசிக்கணும்னுதான் எழுதுறேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு அண்ணன் ஐரோலியில மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மகளைத் தாராவிக்குக் கூட்டிட்டு வந்தான். தாயில்லாத தாய் வீடு. வாசப்படியில நின்னு வேணி உள்ள பாத்த பார்வையை நான் உங்களுக்கு எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறது யாருன்னு பேச்சு வந்தப்போ திலக் நகர் சித்தி ஆரம்பிச்சா. "இசக்கி பெத்தாளா வளத்தாளா? அவளுக்குப் பேறுகாலம் பாக்க என்னளா தெரியும்?" அவ கேட்டதுல தப்பில்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனா வேணி, "அத்தை வரலேன்னா நானும் வரல, இங்கேயே பெத்துக்கிடுதேன்"னுட்டா. பிறகு யாரு வாயைத் திறப்பா?

அந்தப் பிள்ளைக்கு இந்த வாய் எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வேணி பிறந்தப்போ நடந்ததை இங்கே சொல்லணும், வாசிக்கிறவங்களுக்குத் தெரியாதில்லையா. நம்ம பக்கத்துல பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பாங்க. தாய்ப்பாலுக்கு முன்னால, நல்ல குணமுள்ள ஒருத்தர் தேனையோ சீனித்தண்ணியையோ விரலால தொட்டுப் பிள்ளை நாக்குல வைக்கணும். வச்சவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. அன்னைக்கு நான் கட்டினவரைப் பறி கொடுத்துட்டு, பிள்ளைகுட்டி இல்லாம, ஒரு துணிப்பையோட அண்ணன் வீட்டுல வந்து விழுந்த புதுசு. நல்லது கெட்டதுன்னா மூலையிலதான் நிப்பேன். நீங்க பெத்த வலியோட படுத்துக் கிடந்து, "சேனை இசக்கி வைக்கட்டும்"னிய. சித்தி அலறுனா. "பெத்தது நான், யாரு வைக்கணும்னு நான்தான் சொல்லுவேன்"னு நீங்க ஒரே போடா போட்டிய.

மைனி, அந்த ஒரு சொட்டுச் சீனித்தண்ணியிலதான் நான் இந்த வீட்டு மனுசி ஆனேன். வேணி யார்கிட்டயாவது வாயாடிட்டு வந்தா, "எல்லாம் இசக்கி வச்ச சேனை"ன்னு திட்டுவாங்க. திட்டு கேக்க அவ்வளவு சந்தோசமா இருக்கும் எனக்கு.

அதனால வேணி பிள்ளைக்கும் நான்தான்னு மனசுக்குள்ள ஆசை இருந்துச்சு. ஒரு சின்னக் குப்பியில தேன் வாங்கிப் பையில வச்சிருந்தேன். ஆனா அண்ணன் வேற ஒண்ணைக் கொண்டு வந்தான். உங்க கல்லு மோதிரம். அதைத் தேன்ல உரசிப் பிள்ளை நாக்குல வைக்கணுமாம், உங்க குணம் அப்படியே பேத்திக்கு இறங்கணுமாம். வார்டு வாசல்ல அந்த மோதிரத்தைக் கைக்குட்டையில முடிஞ்சு வச்சுக்கிட்டு நின்னான் பாருங்க, நான் தேன் குப்பியைப் பைக்கு அடியில தள்ளிட்டேன். என் ஆசையை அங்கேயே விட்டுட்டேன்.

உள்ளே சிஸ்டர் பிள்ளையைத் துடைச்ச கையோட வேணி மார்மேல போட்டுட்டா. மராத்திக்காரி, கண்டிப்பான ஆளு. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி கூட வாயில படக்கூடாது, முதல்ல வர்ற மஞ்சப்பாலைப் பீச்சிக் கொட்டுனா நான் மனுசியா இருக்க மாட்டேன்னு இந்தியில சொன்னா. தேன்னு நான் மெதுவா இழுத்ததும் முறைச்சா. வருசம் ஒண்ணு ஆகாத பிள்ளைக்குத் தேன் குடுக்கவே கூடாதாம், சில பிள்ளைகளுக்கு உசுருக்கே ஆபத்தாகிப் போகுமாம். நமக்கு யாரு சொன்னா இதை?

உள்ள வந்த அண்ணன் கேக்கல. "ஊரு உலகத்துல எல்லாப் பிள்ளையும் சேனை குடிச்சுத்தானே வளந்துச்சு? ஒரு தொடுதல். உன் மைனிக்காக. நீ சொல்லுளா இசக்கி"ன்னு என்னைப் பாத்தான். என்னையா பாக்கணும்? சேனைன்னா எனக்கு என்னன்னு தெரிஞ்சவன், என்கிட்டயே கேட்டான். நான் பிள்ளையைப் பாத்தேன். அது தாய் மார்ல மூக்கைத் தேச்சுத் தேச்சு எதையோ தேடிக்கிட்டு இருந்துச்சு. "வேண்டாம்ண்ணே"ன்னேன். சொல்லி முடிக்கும்போது என் கையில இருந்து என்னமோ நழுவி விழுந்த மாதிரி இருந்துச்சு.

அப்போதான் வேணி பேசுனா. "அரே அப்பா, அம்மா குணம் மோதிரத்துலயா இருக்கு? அம்மா பால் குடிச்சவ நான் இருக்கேம்லா. என்கிட்ட இருந்து குடிக்கட்டும்." அண்ணன் மோதிரத்தை மறுபடி கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டு வெளியே போனான். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். பால் குடுக்கிறது என்ன பெரிய வித்தை, மாடு கூடக் குடுக்குதேன்னுதான் நானும் நெனச்சேன். வீட்டுக்கு வந்த பிறகுல்லா தெரிஞ்சுச்சு.

பிள்ள குடிக்கும், தூங்கும், எடுத்துப் படுக்க வச்சா வீல்னு கத்தும். மறுபடி குடிக்கும், மறுபடி கத்தும். வேணிக்குக் காம்பு வெடிச்சு ரத்தம். பிள்ள வாயை மார்கிட்ட கொண்டு வரும்போதே பல்லைக் கடிப்பா. சாயங்காலம் ஆனா பிள்ள மாரை விட்டு இறங்கவே செய்யாது. பாக்க வந்த ஒவ்வொருத்தியும் உக்காரும் முன்னால கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "பால் இருக்கா?" சித்தி ஒரு படி மேல. "சொட்டு சொட்டா மஞ்சளா வருதே, இது எந்த மூலைக்குக் காணும்? இந்த வெயில்ல பிள்ளைக்கு நாக்கு வறளாதா? தண்ணியாவது குடுங்கட்டி." சித்தி கெட்டவ இல்ல மைனி. அவ அம்மை அவகிட்டச் சொன்னதை அவ சொல்லுதா.

கேட்டுக் கேட்டு வேணி இடிஞ்சு போனா. ஐரோலி ஆபீஸ்ல அத்தனை பேரை மேய்க்கிறவ, ஒரு மத்தியானம் சுவரைப் பாத்து உக்காந்து, "அத்தே, எனக்குப் பால் இல்ல. நான் அம்மாவே இல்ல. ஃபெயில்"ன்னு ஏங்கி ஏங்கி அழுதா. நான் என்னத்தச் சொல்லுவேன்? மார்ல பிள்ளையை ஏந்தாதவ நான், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு"ன்னு ஒரு பொய் கூடச் சொல்ல முடியல. அந்த நேரம் உங்க மேல எனக்கு வந்த கோவம் இருக்கே! இதுக்கு இல்லாம வேற எதுக்கு நீங்க? உங்களுக்கும் வலிச்சுதா மைனி? நீங்களும் சுவரைப் பாத்து அழுதியளா? நான் பக்கத்துலயேதானே இருந்தேன், ஏன் எனக்குத் தெரியல?

அண்ணன் பவுடர் டின் வாங்கி வந்துட்டான். அடுப்புல தண்ணி கொதிக்குது. மக அழுகையும் பேத்தி அழுகையும் சேந்து கேட்டா எந்த ஆம்பளதான் தாங்குவான்? "டின்னைத் திறக்கிறதா இருந்தா டாக்டர் சொல்லித் திறப்போம்"னு அடுப்பை அணைச்சேன். டாக்சியைப் பிடிச்சு மறுபடி அதே ஆஸ்பத்திரி. தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டுப் போய் நிக்கிறதுல எனக்கு எப்பவும் வெக்கம் கிடையாது.

டாக்டரம்மா பிள்ளையை முழுசாப் பாத்தா. முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்குறது வழக்கம்தான், ஆனா இனி ஏறணும், ஏறுதான்னு பாக்க மறுபடி கூட்டிட்டு வரணும்னா. பிறகு அந்தச் சிஸ்டர் வேணிகிட்ட, எப்படிக் குடுக்கிறேன்னு காட்டச் சொன்னா. பாத்ததும் உச்சுக் கொட்டுனா. பிள்ள காம்பு நுனியை மட்டும் கவ்விக்கிட்டு இருந்திருக்கு. அதான் தாய்க்கு ரணம், பிள்ளைக்குப் பசி.

பிள்ளை வயிறு தாய் வயித்தோட ஒட்டணும். மூக்குக்கு நேரா காம்பு வரணும். வாயைப் பெருசா 'ஆ'ன்னு திறக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, திறந்ததும் பிள்ளையை மார்கிட்டக் கொண்டு வரணும். குனிஞ்சு மாரைப் பிள்ளைகிட்டக் கொண்டு போகக் கூடாது. காம்பைச் சுத்தின கருப்பு வட்டமும் பெரும்பாலும் வாய்க்குள்ள போகணும். சிஸ்டர் சொல்லச் சொல்ல வேணி செஞ்சா. ரெண்டு தரம் வழுக்குச்சு. அடுத்த தரம் பிள்ள தாடை அசைஞ்சுச்சு, மடக்கு மடக்குன்னு விழுங்குற சத்தம் எனக்கே கேட்டுச்சு. "வலிக்கல அத்தே"ன்னு வேணி என்னை நிமிந்து பாத்தா. அட, அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும்!

அன்னைக்குக் கேட்டதெல்லாம் எனக்கு மனப்பாடம். புதுப் பிள்ளை வயிறு ரொம்பச் சின்னது, மஞ்சப்பால் சொட்டு சொட்டா வந்தாலும் அதுக்கு அதுவே விருந்து, நோய்க்குக் காவல். சின்ன வயிறுங்கிறதால அடிக்கடி பசிக்கும், ராப்பகல் பாக்காமக் குடுக்கணும். கையைச் சப்புறது, தலையைத் திருப்பித் தேடுறது, இதெல்லாம் பசி. அழுகை கடைசியிலதான் வரும், அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சாயங்காலம் விடாமக் குடிச்சா பால் இல்லேன்னு அர்த்தமில்ல, நாளைக்கு வேணும்கிற பாலை இன்னைக்கே கேட்டு வைக்குதுன்னு அர்த்தம். இறைச்ச கிணறு ஊறும்னு நமக்குத் தெரியாததா? ஆறு மாசம் வரைக்கும் தண்ணியே வேண்டாம், எந்த வெயிலா இருந்தாலும் பால்லயே தண்ணி இருக்கு. ஒண்ணுக்குப் போய்த் துணி நல்லா நனையுதா, எடை ஏறுதா, இது ரெண்டும்தான் கணக்கு. பிள்ள சோந்து போய்க் குடிக்கவே எழும்பாமக் கிடந்தா, துணி நனையலேன்னா, சித்தியைக் கேக்காம டாக்டர்கிட்ட ஓடணும்.

இதை வாசிக்கிற பிள்ளையளா, எல்லாம் செஞ்சும் சிலருக்குப் பால் போதாமப் போகும். அது அவ குத்தமில்ல. டாக்டர் சொல்ற வழியில பிள்ளை வயித்தை நிரப்புறவளும் முழு அம்மாதான். ஆனா யாரோ கேட்ட ஒரு கேள்வியில மனசு விட்டுப் போய், இருக்கிற பாலை இல்லேன்னு நெனச்சிராதீய.

வீட்டுக்கு வந்ததும் நான் என் வேலையைப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச வேலை வாய்தான். வாசல்ல முக்காலியைப் போட்டு உக்காந்து, வந்தவங்களை எல்லாம், "பிள்ள பால் குடிக்கு, பிறகு வாங்க"ன்னு திருப்பி அனுப்புனேன். வேணிக்குப் பத்தியம் எல்லாம் கிடையாதுன்னு சொல்லி, மீன் குழம்பும் கீரையும் வயிறார வச்சேன். மாப்பிள்ளைக்கு ஏப்பம் எடுத்து விடுற வேலை. பயந்து பயந்து ஆரம்பிச்சாரு, இப்போ அவர் தோள்ல போட்டாத்தான் அதுக்கு ஏப்பமே வருது.

எடை பாக்கப் போன அன்னைக்கு அண்ணனும் தன் பட்டறையைப் பூட்டிட்டுக் கூட வந்தான். பிள்ளையைத் தராசுல கிடத்துனப்போ எங்க யாருக்கும் மூச்சில்ல. வேணி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடிச்சிருந்தா. சிஸ்டர் பாத்துட்டு, "அச்சா பீ ரஹீ ஹை"ன்னா. நல்லாக் குடிக்குதாம். எடை ஏறியிருந்துச்சு. வேணி சிரிச்சா. அண்ணன்தான் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, சின்னப் பிள்ள மாதிரி, உங்க பேரைச் சொல்லி அழுதான். நீங்க போன அன்னைக்குக் கூட அவன் அழல மைனி. இப்போதான் அழுதான்.

நான் உங்க இடத்துல உக்காரல. அந்த இடம் அப்படியே காலியாத்தான் இருக்கு, அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். வேணி லீவு முடிஞ்சு ஐரோலிக்குப் போகும்போது தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டு நானும் போறேன். அவ ஆபீஸ் போற நேரத்துக்குப் பாலை எடுத்து வச்சுட்டுப் போனா, பிள்ளைக்குப் பாலாடையில, அந்த மூக்கு வச்ச சின்னக் கிண்ணத்துல, நான் புகட்டுவேன். சிஸ்டர் சொல்லிக் குடுத்துட்டா. இனி இந்தத் தாராவியில எந்தப் பிள்ள பெத்தவ வீட்டு வாசப்படி ஏறுனாலும் "பால் இருக்கா"ன்னு என் வாய் கேக்காது. "நீ சாப்பிட்டியாட்டி, பிள்ளையை என்கிட்டக் குடுத்துட்டுச் செத்த நேரம் படு"ன்னுதான் சொல்லுவேன். இது உங்க மேல சத்தியம்.

இப்படிக்கு,
உங்க நாத்தனா இசக்கி,
உங்க பேத்திக்கு ஆச்சி.