பச்சைக்கல் அட்டிகையின் பெட்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

ஐந்தாம் மாடி. இறந்துபோன அம்மையாரின் வீடு. மூன்று வாரத் துக்கத்துக்குப் பிறகு, மகனும் மகளும் அலமாரிச் சாவியைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். மகனுக்குக் கறுப்புச் சட்டை. மகளுக்குக் கறுப்புக் கண்ணாடி, வீட்டுக்குள்ளேயே. நான் ஏலக் கடைக்காக ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் எழுத, இருவரும் என் பேனா முனையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாயின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

கைப்பைகள் பதினொன்று. பத்து, தத்தம் துணியுறைக்குள் நோயாளிகள் போலப் படுத்திருந்தன. பதினோராவது, பழுப்புத் தோல், உறை இல்லாமல் கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. நகைகள் பதினாறு. அவற்றுக்கெல்லாம் ராணி ஒரு பச்சைக்கல் அட்டிகை. கருநீல வெல்வெட் பெட்டி, மூடியின் உட்புறம் எப்போதோ மூடப்பட்ட பெரிய நகைக்கடையின் பொன்முத்திரை. பெட்டி திறந்ததும் மகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எனக்குன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. அதனாலதான் ஏலத்துக்குப் போகுது" என்றார் மகன்.

ரசீதில் எழுதினேன்: மரகத அட்டிகை, ஒன்று, அசல் பெட்டியுடன். கையெழுத்தும் போட்டேன். இருபத்திரண்டு வருடம் பழகிய கண். லென்ஸை எடுக்கத் தேவைப்படவில்லை.

அம்மையாரை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்ட அம்மாள் சுவரோரமாக நின்றார். நாங்கள் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பழுப்புப் பை... ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் அதைத்தான் எடுத்துட்டுப் போவோம். என்னை வெச்சுக்கச் சொன்னாங்க."

"அது பை இல்லம்மா. சொத்து" என்றார் மகள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எழுதிவைத்தேன். இப்படி ஒரு வாக்கியம் நான் உட்கார்ந்து யோசித்தாலும் வராது.

பிப்ரவரி 13, வியாழன்

பைகளுக்கு விவரம் எழுதுகிறேன். அதுதான் என் உத்தியோகம்: ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் பத்து வரி, அதன் அழகும் அதன் குறையும். கீறல், கறை, பற்றவைத்த இடம், எதையும் விடக்கூடாது. வாங்குகிறவர்கள் படிப்பதில்லை. படம் பார்ப்பார்கள். போன பருவத்தில் ஒரு பையின் காலிப் பெட்டியைத் தனியாக ஏலம் விட்டோம். அட்டைப்பெட்டி, ரிப்பனுடன். மூன்று பேர் கை தூக்கினார்கள். பெட்டியை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான் என்று தோன்றுகிறது.

பழுப்புப் பைக்குள் கிடந்தவை: புதினா மிட்டாய் இரண்டு, ஆஸ்பத்திரி டோக்கன், செய்தித்தாளில் கிழித்த குறுக்கெழுத்துப் புதிர். புதிரில் இரண்டு பேர் கையெழுத்து. இடமிருந்து வலம் ஒருவர், மேலிருந்து கீழ் ஒருவர்.

பிப்ரவரி 17, திங்கள்

கல் சோதிக்கும் அம்மாள் என் அறைக்குத் தானாக வருவது அபூர்வம். வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"கண்ணாடி, சார்."

"எது?"

"உங்க மரகதம். ஆனா நல்ல கண்ணாடி. செஞ்சவன் கையைப் பிடிச்சுக் கும்பிடலாம்."

பன்னிரண்டு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். ஏலம் இல்லாத நேரத்திலும் மேஜையைத் தட்டாமல் பேசமாட்டார் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் சுத்தியல். முன்னால் என் ரசீது.

"மரகதம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"வீட்டுல மரகதம். இங்க வந்ததும் கண்ணாடி. நடுவுல இருந்தது நம்ம வேன் மட்டும்தான்." ஒரு தட்டு. "இல்ல. நீங்க போறதுக்கு முன்னாடியே வீட்டுல யாரோ மாத்திட்டாங்க. இவ்வளவு நல்ல கண்ணாடி, எப்பேர்ப்பட்ட கண்ணும் ஏமாறும். அப்படித்தானே?"

எப்பேர்ப்பட்ட கண் என்றது எனக்குப் பிடித்திருந்தது. அப்படித்தான் என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத இருவர், ஒரே நிமிடத்தில் ஒத்துப்போனார்கள். பார்த்துக்கொண்ட அம்மாள்தான் திருடி. வேறு யார்? வீட்டில் ஏழை அவர் ஒருவர்தான். துப்பறிதல் அத்துடன் முடிந்தது.

அவரையும் வரவழைத்திருந்தார்கள்.

"அட்டிகையை நீ தொட்டிருக்கியா இல்லையா?" மகன்.

"மாசா மாசம் தொடுவேனே தம்பி. துடைக்கச் சொல்லுவாங்க. சோப்புத் தண்ணியில முக்கி, ஈரத்துணியால துடைச்சு வைப்பேன். பார்த்துப் பண்றேம்மான்னா சிரிப்பாங்க. 'நல்லாத் தேய், ஒண்ணும் ஆகாது'ம்பாங்க."

"ஒத்துக்கறா பாருங்க, தொட்டேன்னு" என்றார் மகள், சுத்தியலைப் பார்த்து.

காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மாள் கடைசியாக எழுந்தார். என்னிடம், "சார், பழுப்புப் பையில ஒரு கட்டம் போட்ட பேப்பர் இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். திருட்டுப் பட்டம் கட்டிய அரை மணி நேரத்தில் அவருடைய கவலை அது.

பிப்ரவரி 20, வியாழன்

சோப்புத் தண்ணீர். காலையிலிருந்து அதே நினைப்பு. மரகதத்துக்கு சோப்பு ஆகாது. உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் போய்விடும், வெடிப்பெல்லாம் வெளியே தெரியும். நாற்பது வருடம் அதைக் கழுத்தில் போட்டவளுக்கு இது தெரியாதா? நல்லாத் தேய், ஒண்ணும் ஆகாது.

அது கண்ணாடி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி

மதியம் பழைய ஏலப் புத்தகங்கள் இருக்கும் அறையில் உட்கார்ந்தேன். பதினான்கு வருடத்துக்கு முந்தைய வசந்தகால ஏலம், எண் 112. படத்தில் அதே அட்டிகை. மேலே 'ஒரு பெருமாட்டியின் உடைமை'. விற்பவர் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் நாங்கள் போடும் பட்டம் அது. கீழே விவரம்: 'நடுக்கல்லின் அடியில் எறும்புக் கால் போல ஒரு வெடிப்பு. கொக்கியின் நாக்கு ஒருமுறை பற்றவைக்கப்பட்டது. அசல் பெட்டி இல்லை.'

எறும்புக் கால். அந்த உவமைக்காக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. அட்டிகை நினைவில்லை. விற்றவள் முகமும் நினைவில்லை.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த அந்த வருட நாட்குறிப்பை எடுத்தேன். மூன்று வரி எழுதியிருக்கிறேன்: 'இன்னொரு பெருமாட்டி. மரகதத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். பெட்டி எங்கே என்றால், என் பசங்க பெட்டியைத்தான் பார்ப்பாங்க, அது வீட்டுலயே இருக்கட்டும் என்றாள். கடலோரம் ஒரு வீடு பிடிக்கப் போகிறாளாம், வருஷத்துக்கு ரெண்டு மாசம், யாரிடமும் சொல்லாமல். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.'

விற்பவர்கள் பதிவேட்டில் பெயரும் பார்த்துவிட்டேன். இறந்துபோன அம்மையார்தான். விற்றது, பார்த்துக்கொண்ட அம்மாள் வேலைக்கு வருவதற்கு ஐந்து வருடம் முன்பு.

அன்று எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் பிள்ளைகளைப் பற்றி ஒரே வரியில் என்னைவிட நன்றாகச் சொன்னவளைப் பற்றி நான் குறித்துவைத்தது அவளுடைய ஜலதோஷத்தை.

பிள்ளைகள் பெட்டியைத்தான் பார்ப்பார்கள் என்றாள். சரி. நான் எதைப் பார்த்தேன்?

மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இதைச் சொன்னா அந்தப் பொம்பளை மேல இருக்கற பழி போயிடுமா?"

"போயிடும். ஆனா விற்றவங்க பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு..."

"பேரைச் சொல்ல வேண்டாம். நான் பெட்டியைப் பார்த்து ஏமாந்துட்டேன்னு சொல்லணும். அதுதானே வாயில வரலை?"

இருபத்தாறு வருடமாக இவளுக்கு எதிரே உட்கார்ந்து ஊரையே கேலி பேசியிருக்கிறேன். இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 22, சனி

இன்று ஒன்றும் செய்யவில்லை. அதை மிகவும் திறமையாகச் செய்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சுத்தியலிடம் போனேன். புத்தகத்தை விரித்து வைத்தேன். படித்தார். மேஜையைத் தட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"விற்றவங்க பேரு வெளிய போகாது. இருக்கும்போதும் போகாது, போன பிறகும் போகாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்."

"அந்த அம்மா நிரபராதி சார்."

"நிரபராதின்னா விட்டுடப் போறாங்க. அதுக்குத்தானே போலீஸ் இருக்கு." பிறகு குரலைத் தணித்து, "இதைச் சொன்னா, சோதிக்காம மரகதம்னு எழுதினது நீங்கன்னும் சொல்லணும். நாளைக்கு எவன் தன் நகையை நம்மகிட்ட குடுப்பான்? உங்க கண்ணை நம்பித்தான் இந்தக் கடை. பேசாம இருங்க. நல்லது."

என் நன்மையில் இவ்வளவு அக்கறை உள்ள மனிதர்களை அந்தக் கட்டடத்தில்தான் பார்க்கலாம்.

புகார் கொடுத்தாயிற்று. புதன்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

பிப்ரவரி 26, புதன்

சட்டையை மூன்று முறை மாற்றினேன். எதற்கு?

காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் பிள்ளைகள், மறு கோடியில் அந்த அம்மாள். நடுவில் உட்கார்ந்தேன், வேறு இடமில்லை. அதிகாரி இளைஞர், சாவகாசமானவர். நான் கொண்டுபோன ஏலப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இது ரகசியப் புத்தகமா?"

"இல்லை. அந்த வருஷம் நானூறு பேருக்கு அனுப்பினோம்."

"ஒருத்தரும் படிக்கலையா?"

"படம் பார்த்திருப்பாங்க."

"வித்தது யாரு?"

"நான் சொல்லக்கூடாது."

"சரி, சொல்லாதீங்க. பதினாலு வருஷம் முன்னாடி நகை பெட்டியில்லாம உங்ககிட்ட வந்துச்சு. பெட்டி இவங்க வீட்டு அலமாரியிலயே இருந்துச்சு. இந்தம்மா வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம். எனக்குக் கணக்கு ஓரளவு வரும்." என் ரசீதை எடுத்தார். "அப்போ இதுல மரகதம்னு எழுதினது யாரு?"

"நான்."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

பிள்ளைகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னத்தைச் சொல்ல? இருபத்திரண்டு வருஷம், சார், இருபத்திரண்டு வருஷம்னு சொல்லவா?

"பெட்டி நல்லா இருந்தது" என்றேன்.

அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் சொல்லி அச்சு மாறாமல் பதிவான ஒரே வாக்கியம்.

"அம்மா அப்படிப் பண்ணியிருக்கவே மாட்டாங்க" என்றார் மகன்.

"கேட்டிருக்கலாமே, இருக்கும்போது" என்றார் அதிகாரி.

புகாரைத் திரும்பப் பெற்றார்கள். வாசலில் மகள் மகனிடம், "அந்த அட்டிகை உனக்குத்தான்னு அம்மா சொன்னாங்கல்ல, நீயே வெச்சுக்கோ" என்று சொன்னது காதில் விழுந்தது. மகன், "இல்லல்ல, உனக்குத்தான்னு சொன்னாங்க" என்றார். தாயின் கடைசி விருப்பத்தை மதிக்க இப்படி ஒரு போட்டியை நான் கண்டதில்லை.

அந்த அம்மாள் நன்றி சொல்லும்படி நான் ஒன்றும் செய்துவிடவில்லை. ஐந்து நாள் தாமதமாக வந்தேன். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

சுத்தியல் நிறைய தட்டினார். பை ஏலத்துக்கான விவரங்களை முடித்துவிட்டு, நான் கீழ்த்தளத்துக்குப் போகவேண்டும். பீங்கான். சாஸரில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

மார்ச் 5, புதன்

கடைசியாகப் பழுப்புப் பை. காலை முழுவதும் அதோடு இருந்தேன். எழுதியது:

'பழுப்புத் தோல் கைப்பை. மிக அதிகம் பயன்படுத்தப்பட்டது. நான்கு மூலைகளும் தேய்ந்தவை. கைப்பிடி வியர்வையில் கறுத்துள்ளது. ஜிப் பாதிவழியில் நிற்கும். உள்துணியில் இருமல் மருந்துக் கறை, மைக்கறை, அடையாளம் தெரியாத மூன்றாவது கறை. மருந்து வாடை உண்டு, போகாது. அடித்தையல் வெள்ளை நூலால், கைத்தையலாக, தொழில் தெரியாதவரால் சரிசெய்யப்பட்டது. உறை இல்லை. ரசீது இல்லை. பெட்டி இல்லை.'

ஒரு வார்த்தை பொய் கிடையாது. படமும், கறை தெரியும் பக்கமாகப் பார்த்து எடுக்கச் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு மனம் ஒன்றி எதையும் எழுதியதில்லை.

ஏப்ரல் 12, சனி

ஏலம். கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். பத்துப் பைகளும் போயின. கண்ணாடி அட்டிகையை யாரும் சீண்டவில்லை. வெல்வெட் பெட்டியைத் தனியாக விட்டார் சுத்தியல். ஐந்து கைகள் எழுந்தன. வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பழுப்புப் பைக்கு ஒரு கையும் எழவில்லை. முன்வரிசைப் பெண்மணி பக்கத்துப் பெண்மணியிடம் படத்தைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆகட்டும், ஒருவராவது பார்த்தாரே.

ஏப்ரல் 16, புதன்

விற்காததை எடுத்துப் போகச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார்களாம். மகள் சொன்னது, அலுவலகப் பெண் வாய்மொழியாக: "அந்தக் குப்பையா? அந்தப் பொம்பளைக்கே குடுத்துடுங்க."

சொத்து, இரண்டு மாதத்தில் குப்பை.

மே 7, புதன்

கீழ்த்தளம் குளிர்ச்சியாக இருக்கிறது. நாற்பத்தெட்டு சாஸர், நாற்பத்தேழு கோப்பை. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாள். தோளில் பழுப்புப் பை. அதற்குள் குடை, கீரைக்கட்டு, சுருட்டிய செய்தித்தாள். வேறொரு வீட்டில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறாராம். அவருக்குப் புதிர் போட வராதாம். "சொல்லிக் குடுத்தாலும் ஏறலை, சார்."

பிறகு பையைத் தட்டிக் காட்டினார். "இதைக் குடுக்கறப்போ கூடவே ஒரு பேப்பரும் இருந்துச்சு. இதைப் பத்தி எழுதினது. அப்பா, என்னா எழுத்து. கிழிச்சுத் தோரணம் கட்டியிருக்கான். அந்த அடித்தையல் நான் போட்டது, தெரியுமா? தொழில் தெரியாதவளாம். எழுதினவனுக்குக் கண்ணே இல்லை."

நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "அவனைக் கீழ்த்தளத்துக்கு மாத்திட்டாங்க."

"நல்லதுதான்" என்றார். பேருந்து வந்தது. ஜிப் பாதிவழியில் நின்றது. ஒரு தட்டுத் தட்டி, மூடிக்கொண்டு ஏறினார்.