சந்தை வாசலில் ஒரு நோட்டீஸ்

மார்ச் 3
சந்தைக் கடைகளின் மாதக் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்க உத்தேசம். ஏற்றுவதற்கு முன் சந்தை வாசல் போர்டில் பதினாலு நாள் நோட்டீஸ் இருக்க வேண்டும்; அப்புறம் ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். நோட்டீஸ் என் பொறுப்பு. நகராட்சியில் பத்தொன்பது வருஷ குமாஸ்தா, பின் குத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. குத்தினேன், போட்டோ எடுத்தேன், ஃபைலில் சேர்த்தேன். "உங்க வேலைன்னா கண்ணை மூடிட்டு கையெழுத்து போடலாம்" என்றார் மேலாளர். தலை கொஞ்சம் கனத்தது.

மார்ச் 9
பதவி உயர்வுப் பட்டியலில் நான் இரண்டாவதாம். புதுச் சட்டை? சந்தையில் அக்காவின் தையல் கடை இருக்கவே இருக்கிறது.

மார்ச் 18
கருத்துக் கேட்புக் கூட்டம். வந்தது மேலாளர், மைக் செட்காரர், நான். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்று ஒத்து வேறு ஊதினேன்.

மார்ச் 19
அக்கா போனில் கத்தினாள். "கட்டணத்தை ஏத்தப் போறீங்களாமே! எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"
"வாசல்லயே நோட்டீஸ் இருந்துச்சே, படிக்கிறதில்லையா?"
"தினம் அந்த வாசல்லதானேடா நுழையறேன்? ஒரு துண்டுக் காகிதம் இல்ல. ஏத்தினா கடையைக் காலி பண்ண வேண்டியதுதான்."
இரு, நிரூபிக்கிறேன் என்று ஃபைலை எடுத்தேன். போட்டோ இருந்தது. அதற்கடியில் நோட்டீஸும் இருந்தது. அதே நோட்டீஸ், நாலு மூலையிலும் பின் ஓட்டையோடு.
அடப்பாவி! அசல் ஃபைலில்தான் இருக்க வேண்டும் என்று பத்தொன்பது வருஷமாக ஊறிப்போன புத்தி. போட்டோ எடுத்த கையோடு கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் அது இருந்தது மொத்தம் இரண்டு நிமிஷம்.

மார்ச் 20
மேலாளரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "போட்டோ இருக்குல்ல? வாயைத் திறக்காதீங்க. லிஸ்ட்ல பேர் இருக்கு."

மார்ச் 21
திறக்கவில்லை. பெரிய வீரன்.

மார்ச் 24
அக்கா கடையைக் காலி பண்ணிவிட்டு எங்கே போவாள்? ஆணையருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'அறிவிப்பு இருந்த காலம், இரண்டு நிமிடம். தவறு என்னுடையது.' கொடுப்பதற்கு முன் அதற்கும் ஒரு நகல் எடுத்து ஃபைலில் வைத்தேன். திருந்துகிற ஜென்மமா இது?

மார்ச் 28
கட்டண உயர்வு நிறுத்திவைப்பு. புது நோட்டீஸ், புதுக் கூட்டம். பட்டியலில் என் பெயர் காணோம். "அந்தப் போட்டோவையாவது ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்றாள் மனைவி. அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 31
குத்தினேன். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 15
கூடத்தில் நிற்க இடமில்லை. ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். முதலில் மைக்கைப் பிடித்தவள் அக்கா. அந்த போனுக்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். கூரை ஒழுகுவது, கழிப்பறைக்குக் கதவில்லாதது, இன்னும் கட்டணம் ஏறினால் எத்தனை பேர் கடையை மூடுவார்கள் என்பது — ஒன்று விடாமல் சொன்னாள். குரல் நடுங்கியது; நிறுத்தவில்லை. நடுவில் என் பக்கம் திரும்பி, மைக்கிலேயே கேட்டாள்: "டேய், எழுதுறியா?"
"எழுதுறேன்க்கா."
கூடமே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'முதல் ஆட்சேபணை: என் அக்கா' என்று எழுதிவிட்டு, அடித்து, 'தையல் கடைக்காரர்' என்று திருத்தினேன்.